பாட்டுத்தாள் எழுதப் பழகுதல்

பாட்டுத்தாள் என்று டீச்சர் சொல்வது, மாதக் காலண்டரில் மாதம் முடிந்ததும் கிழித்துப் போடுகிற தாளைத்தான். முன்பக்கம் நகைக்கடை விளம்பரமோ முருகன் படமோ இருக்கும். பின்பக்கம் வெறும் வெள்ளை. அந்த வெள்ளையில் மேலே ஒரு படம், கீழே எட்டு அடிக்கு மிகாத ஒரு குழந்தைப் பாட்டு. மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் மூங்கில் சிம்பு வைத்து ஒட்டிவிட்டால், சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். போன இடத்தில் ஓர் ஆணி இருந்தால் போதும்.

டீச்சர் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் எங்கள் பக்கத்து ஊரில் மையம் திறந்தபோது வேலைக்குச் சேர்ந்தவர் அவர். எடை பார்க்கும் தராசு, சத்துமாவு, பதிவேடு எல்லாம் அரசாங்கம் கொடுத்தது. பாட்டு அவர் கையோடு கொண்டுபோனது. ஓய்வுக்குப் பிறகும் சாயங்காலம் அவர் வீட்டுப் படிப்புரையில் தெருப்பிள்ளைகள் கூடுகிறார்கள். கூப்பிடுகிற அங்கன்வாடிகளுக்கும் போய்வருகிறார்.

நான் போர்டு எழுதுகிறவன். நாகர்கோவிலில் கடைப் பெயர்ப்பலகை, லாரியின் பின்பக்க வாசகம், கோயில் கொடைக்குத் துணிப் பேனர் என்று கையில் பிரஷ் ஓயாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. பிளக்ஸ் வந்தது, வேலை மெலிந்தது. டீச்சருக்குக் கை நடுங்க ஆரம்பித்த சமயத்தில் ஆள் தேடி என்னிடம் வந்தார். "எழுத்து உனக்கு வரும். படமும் வரும். பாட்டு வருமா மக்கா?" என்று கேட்டார். பாட்டுக்கும் போர்டு எழுதுகிறவனுக்கும் என்ன என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

முதலில் பிரஷைத் தொடவே விடவில்லை. பிள்ளைகளோடு உட்காரச் சொன்னார். அவர் பாடுவார், பிள்ளைகள் பாடுவார்கள், நானும் பாட வேண்டும். ஒரு பாட்டு பிள்ளைகள் வாயில் தானாக வருகிறவரைக்கும் அதன் தாளை விரிக்கக் கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். காரணமும் சொன்னார்: "கண்ணு காதை முந்திரும், கேட்டியா. படத்தை முதல்ல காட்டிட்டா பிள்ளை படத்தையே பாத்துக்கிட்டு இருக்கும். பாட்டு சுவத்துல முட்டித் திரும்பிப் போயிரும்."

இந்த ஒரு சட்டத்தைத்தான் இன்றுவரை நான் பழகிக்கொண்டிருக்கிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

பாடுவதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நிறைய இருக்கிறது. பெரியவர்கள் தங்கள் குரலுக்கு வசதியான இடத்தில் தொடங்கிவிடுவார்கள். பிள்ளைகளின் குரல் அதற்கு மேலே நிற்கும். அவர்களால் அவ்வளவு கீழே இறங்க முடியாது, முணுமுணுத்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். அதனால் டீச்சர் தான் தொடங்க மாட்டார். ஏதாவது ஒரு பிள்ளையை "ஆ" என்று சொல்ல வைத்து, அந்த இடத்தில் பாட்டைப் பிடித்துக்கொள்வார். தாளம் கைதட்டி அல்ல. இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு இரண்டு கையும் ஒரே நேரத்தில் சேர்வதே ஒரு வேலை, பாட்டை விட்டுவிட்டுக் கையைப் பார்க்கும். உள்ளங்கையால் தரையில் தட்டுவதென்றால் எல்லோருக்கும் வரும். தரையில் தட்டினால் சத்தம் உட்கார்ந்திருக்கிற உடம்புக்கே ஏறுகிறது.

பிறகு நிறுத்தம். அடியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் டீச்சர் வாயை மூடிக்கொள்வார். கை மட்டும் தரையில் தட்டிக்கொண்டே இருக்கும். அந்த இடைவெளியில் ஒரு பிள்ளையாவது அந்தச் சொல்லைப் போடும். பேச்சே சரியாக வராத ஒரு வாண்டு, பாட்டு முழுக்க வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசிச் சொல்லை மட்டும் கத்திச் சொல்லும். அது அந்தப் பாட்டைப் பாடிவிட்டதாகவே கணக்கு. எங்கள் பக்கம் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. வலத்தில் இருப்பவர் பாட, இடத்தில் இருப்பவர் வாங்கிப் பாட, குடமும் உடுக்கும் இடையை நிரப்ப, "ஆமாம்" என்று பின்பாட்டுக்காரர்கள் ஏற்றுக்கொள்வார்கள். கேட்கிறவனுக்கும் பாட்டில் ஒரு பங்கு உண்டு என்பதை நாஞ்சில் நாட்டுக்காரன் வில்லடியில் உட்கார்ந்தே தெரிந்துகொண்டான். டீச்சரும் பிள்ளைகளை வலம், இடம் என்று இரண்டு வரிசையாகத்தான் உட்கார வைப்பார்.

என்னிடம் கொடுத்த முதல் பாட்டு கவிமணியின் 'பசுவும் கன்றும்'. தமிழ்நாட்டில் பாடப்புத்தகம் வழியாகப் பல தலைமுறைக்குத் தெரிந்த பாட்டு. எங்களுக்கு அது பக்கத்து வீட்டுப் பாட்டு. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1876 ஜூலை 27 அன்று தேரூரில் பிறந்தவர். அப்போது எங்கள் பகுதி திருவிதாங்கூர் ராஜ்ஜியம். பள்ளிக்கூடத்தில் அவர் முதலில் படித்தது மலையாளம். தமிழைச் சாந்தலிங்கத் தம்பிரானிடம் தனியே பாடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். பிறகு 36 ஆண்டுகள் ஆசிரியர் வேலை. மனைவியின் ஊரான புத்தேரியில் கடைசிக்காலம். 1954 செப்டம்பர் 26 அன்று காலமானார். இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-ஐ அவர் பார்க்கவில்லை.

புத்தரைப் பற்றிய 'ஆசிய ஜோதி', உமர் கய்யாம் பாடல்கள், சொத்துரிமைச் சண்டையைக் கிழித்துப் போட்ட 'மருமக்கள்வழி மான்மியம்' என்று பெரிய வேலைகள் செய்தவர். அத்தனைக்கும் நடுவில் 1938-இல் வந்த 'மலரும் மாலையும்' தொகுப்பில் 'மழலை மொழி' என்று ஒரு பகுதியையே பிள்ளைகளுக்கு ஒதுக்கியிருக்கிறார். அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. ஊர்ப்பிள்ளைகளுக்கு எழுதினார். ஆறு ஆண்டு கழித்து, 1944-இல், ராயவரத்திலிருந்து சென்னைக்குப் போய் வங்கியில் வேலை பார்த்த அழ. வள்ளியப்பா 23 பாட்டுகளோடு 'மலரும் உள்ளம்' கொண்டுவந்தார். பிள்ளைகளுக்கென்று எழுதுவதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் அவர். டீச்சரின் அலமாரியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். என்னைப் போல் தாள் எழுதிப் பரப்புகிறவர்களுக்கு இன்னொரு செய்தியும் உதவும். நம் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு ஆனதும் அவர் எழுத்து எல்லோருக்கும் பொது. கவிமணியின் பாட்டுகளை 2015 முதல் யாரிடமும் கேட்காமலே சுவரில் மாட்டலாம்.

'பசுவும் கன்றும்' எட்டே அடி. ஒற்றை அடிகளெல்லாம் பசுவில் முடியும், இரட்டை அடிகளெல்லாம் கன்றில் முடியும். பசு ஒன்று செய்யும், கன்று ஒன்று செய்யும். நாலு தடவை இப்படி. பசு அடி முடிகிற இடத்தில் ஒரு சின்னச் சொல் தனியே தொங்கிக்கொண்டு நின்று, கன்றின் அடியை இழுத்து வரும். பாடிப் பார்க்காமல் படித்தால் அந்தச் சொல் என்னத்துக்கு அங்கே நிற்கிறது என்று தெரியாது. டீச்சர் அந்த இடத்தில் தலையைத் திருப்புவார், அவ்வளவுதான். வலது வரிசை பசு, இடது வரிசை கன்று. தலை திரும்பியதும் இடது வரிசை எடுத்துக்கொள்ளும். எனக்கு அந்தப் பாட்டின் கட்டுமானம் புரிந்தது அந்தத் தலைத் திருப்பத்தில்தான்.

பிறகுதான் எழுத்து.

போர்டு எழுத்துக்கு ஒரு மிடுக்கு உண்டு. தடிப்பும் மெலிவும் மாறி மாறி வரும், வலப்பக்கம் நிழல் விழும், கால்கள் சுருளும். ரோட்டில் போகிறவனை ஓரக்கண்ணால் இழுக்க வேண்டிய எழுத்து அது. பாட்டுத்தாளில் நிழல் கூடாது, சுருள் கூடாது, தடிப்பு முழுக்க ஒரே அளவு. மெய்யெழுத்தின் புள்ளி நன்றாக உருண்டு, எழுத்தை ஒட்டாமல் மேலே நிற்க வேண்டும். எழுத்து தெரியாத பிள்ளை தாளில் முதலில் கண்டுபிடிப்பது புள்ளியைத்தான். விரலை வைத்துப் புள்ளி புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போகும்.

சொல்லை உடைக்கக் கூடாது. நம் பத்திரிகைகளும் புத்தகங்களும் வரி முடிகிற இடத்தில் சொல்லைப் பாதியில் வெட்டி அடுத்த வரியில் போட்டுவிடும். பெரியவர்கள் கண் அதைத் தாண்டிப் பழகிவிட்டது. பாட்டுத்தாளில் ஒரு மூச்சு ஒரு வரி. மூச்சு எங்கே முடியும் என்பது தாளைப் பார்த்தால் தெரியாது, பிள்ளைகள் பாடுவதைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்காகவும் பாட்டு முதலில் வாய்க்கு வர வேண்டியிருந்தது. தனியே தொங்கும் அந்தச் சின்னச் சொல்லுக்கு எங்கே இடம் என்று நான் கேட்டேன். பசு அடிக்கும் கன்று அடிக்கும் நடுவில், ஒரு வரியாக, தன்னந்தனியே எழுதச் சொன்னார். பாடும்போது தலை திரும்புகிற இடம் தாளிலும் ஒரு வளைவாகத் தெரிகிறது.

வண்ணத்திலும் கட்டுப்பாடு உண்டு. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிறம் என்று வானவில் காட்டுவது கடைகளில் விற்கிற சார்ட்டுகளின் வழக்கம். டீச்சர் தாளில் எழுத்து கறுப்பு. அடிகளின் கடைசியில் வரும் பசு என்ற சொல் மட்டும் எப்போதும் காவிச் சிவப்பு, கன்றைச் சொல்லும் சொல் எப்போதும் நீலம். அந்தச் சொற்கள் வலது ஓரத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக நேர்கோட்டில் நிற்க வேண்டும். வலது ஓரம் பிடித்து எழுதுவது போர்டுக்காரனுக்குத்தான் சுலபம். எழுத்துகளின் அகலத்தைக் கண்ணாலேயே அளந்து பின்னாலிருந்து முன்னால் கணக்குப் போட வேண்டும். இத்தனை காலம் கடைப் பெயர்களில் பழகிய வித்தை இதற்கு உதவியதில் எனக்குச் சந்தோஷம். நாலு வயதுப் பிள்ளை அந்தச் சிவப்பு வரிசையில் விரலை ஓட்டி "பசு, பசு, பசு, பசு" என்று வாசிக்கும். எழுத்துக்கூட்டி வாசிக்கவில்லை, உருவத்தை வாசிக்கிறது. வாசிப்பு அப்படித்தான் நுழைகிறது. எழுத்துக்கூட்டல் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளட்டும்.

படம் கடைசி. வரைவதற்கு முன்னால் கன்றுக்குட்டி ஓடுவதைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். பார்க்காததா என்றேன். "பாத்திருப்பே. வரையணும்னு பாத்திருக்க மாட்டே" என்றார். தேரூர்க் குளத்துப் பக்கம் போனேன். சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகள் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றவை. பறவை பார்க்க வெளியூரிலிருந்து தொலைநோக்கியோடு ஆட்கள் வருகிறார்கள். நான் பறவைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரையில் மேய்கிற மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடுகிற கன்றுக்கு வால் தூக்கிக்கொண்டு நிற்கும். நேராக ஓடாது, தாயைத் தாண்டி ஓடிவிட்டு வளைந்து திரும்பி வரும். வந்ததும் மடியை முட்டும். பால் குடிக்கிற கன்று முட்டினால்தான் பசு பாலை இறக்கும். கறவைக்காரர்கள் கறக்கும் முன் கன்றை அவிழ்த்து விட்டுக் கொஞ்சம் ஊட்டவிடுவது அதற்குத்தான். கவிமணி பாட்டை முடிக்கிற இடத்தில் கன்று முட்டுவதைச் சொல்லியிருக்கிறார். தொழுவத்தில் நின்று பார்த்த ஆள் எழுதிய பாட்டு என்று எனக்கு அப்போது நிச்சயமாயிற்று.

எட்டடிப் பாட்டில் நாலு காட்சி இருக்கின்றன. நாலையும் நாலு கட்டம் போட்டு வரையலாம் என்றேன். டீச்சர் ஒப்பவில்லை. தாளுக்கு ஒரு படம்தான். எந்தக் காட்சி? நக்குவதா, பால் குடிப்பதா? அதுதான் பார்க்க அழகு. அவர் இரண்டையும் தள்ளினார். பசு இடது ஓரத்தில், கன்று வலது ஓரத்தில், நடுவில் அகலமாகப் புல்தரை. கன்று இன்னும் வந்து சேரவில்லை. "சேந்த படத்தை வரைஞ்சா பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

அடுத்து வந்தது வெள்ளை. பாட்டில் வருவது வெள்ளைப் பசு. தாளும் வெள்ளை. கறுப்புக் கோடு இழுத்துப் பசுவைக் காட்டிவிடலாம், வெள்ளைப் போஸ்டர் கலரை மேலே பூசலாம், இரண்டும் எனக்குத் தெரிந்த வழி. டீச்சர் சொன்ன வழியில் பசுவை வரையவே கூடாது. பென்சிலால் மெல்லிசாக உருவம் மட்டும் குறித்துக்கொண்டு, அதைச் சுற்றிப் புல்லைப் பூச வேண்டும். வாழை மூட்டுக்கு ஒரு பச்சை, புல்லுக்கு ஒரு பச்சை, பின்னால் வேலிக்கு ஒரு கரும்பச்சை. பச்சை நெருங்கி நெருங்கி வர, நடுவில் தொடாமல் விட்ட தாளே பசுவாக எழுந்து நிற்கும். கொம்புக்கும் கண்ணுக்கும் மூக்குக்கும் மட்டும் கடைசியில் துளி கறுப்பு. தட்டைப் பிரஷை ஓரமாகப் பிடித்து, பசுவின் முதுகை ஒட்டிப் பச்சையை இழுக்கும்போது மூச்சு விடக் கூடாது. எனாமல் பெயின்ட் என்றால் துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்துவிடலாம். காலண்டர்த் தாள் உறிஞ்சிவிடும், வைத்த பச்சை வைத்ததுதான்.

அந்தத் தாளைப் படிப்புரைச் சுவரில் விரித்த சாயங்காலம் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். பாட்டு ஏற்கெனவே எல்லோருக்கும் வாய்ப்பாடம். முதல் அடி பாடியதும் மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒன்று எழுந்து போய்க் கன்றின் மேல் விரலை வைத்தது. கன்றின் அடி வந்தபோது விரலைப் புல்தரை வழியாக ஓட்டிப் பசுவிடம் கொண்டு சேர்த்தது. அடுத்த பசு அடிக்குக் கையை எடுத்து மறுபடி கன்றிடம் போயிற்று. நாலு தடவையும் ஓட்டம். நாலாவது தடவை விரலால் பசுவின் வயிற்றில் இடித்தது. முட்டுகிற அடி அது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நடுவில் விட்டிருந்த புல்தரை எதற்கு என்று அந்த விரல் எனக்குக் காட்டிக் கொடுத்தது.

இந்த இடத்தில் செல்போனைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இதே பாட்டு அசையும் படத்தோடு இப்போது போனில் கிடைக்கிறது. அம்மாமார் சோறூட்டும்போது போட்டுவிடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வேலைக்குப் போய் வந்த அலுப்பு அது. ஆனால் அதில் கன்று தானே ஓடிவிடுகிறது. பிள்ளை அசையாமல் உட்கார்ந்து பார்க்கிறது. பாட்டு ஓடும்போது ஓட வேண்டியது யார் என்பதில்தான் எங்கள் தாளுக்கும் அதற்கும் வித்தியாசம்.

இதை நாங்கள் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. ராண்டால்ஃப் கால்டெகாட் என்று ஓர் ஆங்கிலேய ஓவியர், 1878-இலிருந்து குழந்தைப் பாட்டுகளுக்குப் படப்புத்தகம் போட்டவர். தட்டும் கரண்டியும் சேர்ந்து ஓடிப்போவதாக முடியும் பழைய ஆங்கிலக் குழந்தைப் பாட்டு ஒன்றுக்கு 1882-இல் படம் வரைந்தார். பாட்டு ஓட்டத்தோடு நின்றுவிடும். அவர் இன்னொரு பக்கம் திருப்பி, தட்டு உடைந்து கிடப்பதையும் கரண்டியை அதன் வீட்டார் கூட்டிக்கொண்டு போவதையும் வரைந்தார். பாட்டில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது. சொல் விட்ட இடத்தைப் படம் எடுத்துக்கொள்ளும், படம் விட்ட இடத்தைச் சொல் எடுத்துக்கொள்ளும். டீச்சர் ஒரு படி கூடுதலாக, இரண்டுமே விட்ட ஓர் இடத்தைப் பிள்ளைக்கென்று ஒதுக்கி வைக்கிறார். எனக்கு டீச்சர் வழிதான் இன்னும் நெருக்கம்.

கடற்கரை ஊர்களுக்கும் தாள்களைக் கொண்டு போகிறோம். ஓர் ஊரில் பிள்ளைகள் பசுவை விட்டுவிட்டு ஆடும் குட்டியுமாக மாற்றிப் பாடினார்கள். அங்கே வீட்டு வாசலில் கட்டியிருந்தது ஆடு. டீச்சர் மகிழ்ச்சியாகக் கேட்டார், கூடவும் பாடினார். தாளை மாற்றி எழுதலாமா என்று நான் கேட்டதற்கு மட்டும் வேண்டாம் என்றுவிட்டார். வாயில் மாறலாம், தாளில் கவிமணி எழுதினது எழுதினபடிதான் இருக்க வேண்டும். நாளைக்கு அந்தப் பிள்ளை புத்தகத்தை எடுத்துப் பார்க்கும்போது சுவரில் பார்த்த அதே பாட்டு அங்கே இருக்க வேண்டும் என்றார். சரியான முடிவு என்றே நானும் நினைக்கிறேன்.

வயதுக்குத் தக்க மாற்றம் வேறு விஷயம். இரண்டு வயதுக்காரர்களுக்குத் தாளைச் சுவரில் மாட்டுவதில்லை, தரையில் விரித்துச் சுற்றி உட்காருவோம். அவர்கள் படத்தின் மேல் ஏறி உட்காருவார்கள். தாள் கசங்கும், கசங்கட்டும், அடுத்த மாதம் காலண்டர் கிழியும். ஐந்து வயதுக்கு மேல் போனால் படத்தை மூடிவிட்டு எழுத்தை மட்டும் காட்டுவோம். படத்தை அவர்கள் ஆளுக்கொன்று வரைவார்கள்.

போன கும்பப்பூ அறுப்பு முடிந்த சமயம், சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டிக் கொண்டுவா என்றார். எங்கள் வயல்களில் அறுப்பு முடிந்ததும் தாராக் கூட்டம், அதாவது வாத்துக் கூட்டம், வந்து இறங்கும். நூற்றுக்கணக்கில் தாராவை ஒரு நீளக் கம்போடு ஓட்டிக்கொண்டு இரண்டு பேர் ஊர் ஊராக வருவார்கள். உதிர்ந்த நெல்லும் புழுவும் நத்தையும் அவற்றுக்குத் தீனி. பிள்ளைகள் வரப்பில் வரிசையாக நின்று பார்ப்பார்கள். அதையே எடுத்துக்கொண்டேன். கேள்வி ஒரு வரிசைக்கு, பதில் மறு வரிசைக்கு.

தாரா தாரா எங்கே போறே?
அறுத்த வயலில் மேயப் போறேன்.
அறுத்த வயலில் என்ன இருக்கு?
உதிர்ந்த நெல்லு நிறைய இருக்கு.
உதிர்ந்த நெல்லு தீர்ந்து போனா?
அடுத்த ஊரில் அறுப்பு இருக்கு.

முதலில் நான் எழுதியதில் தாரா அழகாக இருந்தது, வெள்ளையாக இருந்தது, ஒழுங்காக வரிசையில் போயிற்று. டீச்சர் அந்த அடிகளை எடுத்துவிடச் சொன்னார். "அதைப் பிள்ளை பாத்துக்கும். பாட்டுல தாரா என்ன செய்யுதுன்னு மட்டும் இருக்கட்டும்." 'போகிறாய்' என்று எழுதுவதா 'போறே' என்று எழுதுவதா என்பதிலும் பேச்சு வந்தது. புத்தகப் பாட்டு புத்தகத்தில் உள்ளபடி, நாம் கட்டின பாட்டு நம் வாயில் வருகிறபடி என்று தீர்த்துவிட்டார்.

படத்தில் தாராக்கள் எல்லாவற்றையும் பின்பக்கமிருந்து வரைந்தேன். வால்கள் மட்டும் தெரியும். வரப்பு வளைந்து போய்த் தாளின் வலது விளிம்பில் முடிந்துவிடும். அடுத்த ஊரை வரையவில்லை. தாள் மாட்டிய பிறகு பிள்ளைகள் விளிம்பைத் தாண்டிச் சுவரில் விரலை ஓட்டுகிறார்கள். ஒரு பையன் கதவு வரைக்கும் போய் "சுசீந்திரம் வந்தாச்சு" என்றான்.

அதே பையன்தான் மறுநாள் கேட்டான், ராத்திரி தாரா எங்கே தூங்கும் என்று. எனக்குத் தெரியவில்லை. டீச்சர் என்னைப் பார்த்தார். தாரா மேய்க்கிறவர்கள் அப்போது பக்கத்து ஏலாவில் இருந்தார்கள். போய்க் கேட்டேன். வயலிலேயே மேடான இடமாகப் பார்த்து, கம்பு நட்டு, சுற்றிலும் வலை கட்டி உள்ளே அடைத்துவிடுவார்களாம். நாயும் கீரியும் வராமலிருக்க ஆள் மாற்றி ஆள் பக்கத்திலேயே படுத்துக்கொள்வார்களாம். முட்டையை விடியுமுன் வலைக்குள்ளேயே பொறுக்கிவிடுவார்களாம்.

வந்து இரண்டு அடி சேர்த்தேன்.

ராத்திரி வந்தா என்ன செய்வே?
வலைக்குள் ஒண்ணாத் தூங்கிப் போவேன்.

தாளில் இடமில்லை. கீழ்ச் சிம்பைப் பிரித்து, இன்னொரு காலண்டரிலிருந்து ஒரு கீற்று வெட்டி ஒட்டி, அதில் எழுதி, சிம்பை மறுபடி கட்டினேன். டீச்சர் ஒட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, கீழே இன்னும் நாலு விரல் அகலம் விட்டே ஒட்டியிருக்கலாமே என்றார். முட்டையைப் பற்றி எப்படியும் ஒரு பிள்ளை கேட்கும்.